சவுக்கு ஊசியிலை மரமல்ல

புதுக்கோட்டைச் சீமையில் பழைய அலுவலக வளாகங்களிலும் கல்லூரி முகப்புகளிலும் வசதியான வீட்டு வாசல்களிலும் இரண்டு பச்சைகளை அடிக்கடி பார்க்கலாம். ஒன்று, இடுப்பளவுக்குக் கத்தரித்து நிறுத்திய சவுக்கு வேலி. இன்னொன்று, தொட்டியிலோ தரையிலோ முட்டை வடிவத்தில் குந்தியிருக்கும் துஜா. இரண்டும் குட்டை. இரண்டும் சித்திரை வெயிலிலும் பச்சை. இரண்டிலும் அகன்ற இலை கிடையாது. ஆகவே இரண்டும் ஒரே கூட்டம், பைன் மரத்தின் பங்காளிகள், ஊசியிலைத் தாவரங்கள் என்று ஊரில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. நர்சரிக்காரர் அப்படித்தான் சொல்லி விற்கிறார். பள்ளிப் பிள்ளைகளின் தாவரத் தொகுப்பு நோட்டில் சவுக்குக் கிளை ஒட்டிய பக்கத்தில் ‘ஊசியிலை மரம்’ என்று எழுதி, மதிப்பெண்ணும் விழுகிறது. வெள்ளைக்காரனும் இதை ‘ஆஸ்திரேலியன் பைன்’ என்றுதான் அழைக்கிறான், அப்புறம் என்ன என்று கேட்பவர்களும் உண்டு.

துஜா விஷயத்தில் தீர்ப்பு சரி. சவுக்கு விஷயத்தில் முழுத் தப்பு. சவுக்கு, பூத்துக் காய்க்கும் மரம். அதன் நெருங்கிய உறவுகள் ஓக், பிர்ச், வால்நட். பைனுக்கும் சவுக்குக்கும் உள்ள தூரம், பைனுக்கும் கத்தரிக்காய்க்கும் உள்ள அதே தூரம்தான்.

பொதுக்கருத்து மூன்று கால்களில் நிற்கிறது: இலை ஊசி போலிருக்கிறது, காய் கூம்பு போலிருக்கிறது, பெரிய விஞ்ஞானிகளே அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். மூன்றையும் பார்த்துவிடுவோம்.

முதலில் அந்த ‘ஊசி’. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கத்துச் சவுக்குத் தோப்புகளில் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பச்சை ஊசி ஒன்றை எடுத்து ஒரு கணுவில் கழற்றி, மறுபடி செருகி, எங்கே கழற்றினேன் சொல் பார்க்கலாம் என்று கேட்பார்கள். பைன் ஊசியில் இந்த விளையாட்டு நடக்காது. அது கணு இல்லாத ஒரே இலை. சவுக்கில் நாம் ஊசி என்று நினைப்பது இலையே இல்லை. பச்சையான மெல்லிய கிளை. கணுக்கணுவாக வளர்ந்து, இலை செய்யவேண்டிய வேலையைத் தண்டே செய்கிறது. அப்படியானால் இலை எங்கே? கழற்றிய கணுவின் விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கிரீடம் வைத்ததுபோல் சின்னஞ்சிறு பற்கள் வட்டமாக நிற்கும். அவைதான் இலைகள். நம் கடற்கரைச் சவுக்கான கேசுவரினா ஈக்விசிட்டிஃபோலியாவில் பெரும்பாலும் ஏழு, எட்டு பற்கள் இருக்கும். இப்போது குளோன் கன்றுகளாக வருகிற ஜுங்ஹுனியானா இனத்தில் ஒன்பது முதல் பதினொன்று வரை இருக்கும். எந்த இனக் கன்றைத் தலையில் கட்டினார்கள் என்று பார்க்க லென்ஸும் பொறுமையும் இருந்தால் போதும்.

கணுவும் வட்டப் பல்லும் ஈக்விசிட்டம் என்ற பெரணிக் கூட்டத்துத் தாவரத்திலும் அப்படியே உண்டு. உருவ ஒற்றுமைதான் அளவுகோல் என்றால் சவுக்கைப் பைனோடு சேர்ப்பதைவிடப் பெரணியோடு சேர்ப்பது பொருத்தம். அதை யாரும் செய்வதில்லை. வறண்ட மணலிலும் உப்புக் காற்றிலும் வாழ நேர்ந்த செடிகள் இலையைச் சுருக்கிக்கொள்வது வழக்கம். சப்பாத்திக் கள்ளியும் கொடிக்கள்ளியும் அதைத்தான் செய்கின்றன. ஒரே சிரமத்துக்கு வெவ்வேறு குடும்பங்கள் ஒரே வழியைக் கண்டுபிடித்தால் அவை உறவாகிவிடாது.

இனிக் கூம்பு. ஒரு தாவரம் ஊசியிலைக் கூட்டமா இல்லையா என்பதைத் தாவரவியல் இலையை வைத்து முடிவு செய்வதே இல்லை. 1820களில் ராபர்ட் பிரவுன் என்ற ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் பைன், சைகஸ் போன்றவற்றின் சூல்கள் எந்த உறைக்குள்ளும் இல்லாமல் திறந்தே கிடக்கின்றன என்று காட்டினார். திறந்தவிதை, மூடுவிதை என்கிற பிரிவு அந்தக் கவனிப்பிலிருந்து உறுதிப்பட்டது. பைன் கூம்பின் ஒவ்வொரு செதிலின்மேலும் இரண்டு விதைகள் வெறுமனே உட்கார்ந்திருக்கும். சூலகம் கிடையாது, சூல்முடி கிடையாது, பூ கிடையாது.

சவுக்கில் என்ன நடக்கிறது? பச்சைக் கிளைகளின் நுனியில் பழுப்பு நிறக் கதிர் வருகிறதே, அது ஆண் பூங்கொத்து. அதில் ஒரு பூவுக்கு ஒரே ஒரு மகரந்தத் தாள். பெண் பூக்கள் பக்கக் கிளைகளில் சிவப்புக் குஞ்சமாக வரும். அந்தச் சிவப்பு முழுவதும் சூல்முடிகள், காற்றில் வரும் மகரந்தத்தைப் பிடிக்க நீட்டிய கைகள். அடியில் மூடிய சூலகம். இந்தக் குஞ்சம் முற்றித்தான் நாம் ‘கூம்பு’ என்கிற சொரசொரப்பான உருண்டை உருவாகிறது. அது தனிக் காயல்ல, பல பூக்களின் காய்கள் கூடிய கொத்து. காய்ந்ததும் சிப்பி திறப்பதுபோல் இரண்டிரண்டு மடல்கள் விரிந்து, உள்ளேயிருந்து ஒற்றைச் சிறகு வைத்த பொருள் விழும். விவசாயிகள் அதை விதை என்கிறார்கள். அது விதையைத் தனக்குள் வைத்திருக்கும் முழுக் கனி. கனி இருக்கிற இடத்தில் ஊசியிலைத் தாவரம் இருக்க முடியாது.

மூன்றாவது கால்தான் கொஞ்சம் சுவாரசியமானது. இங்கே எதிர்த்தரப்புக்கு உண்மையிலேயே பெரிய வக்கீல்கள் இருந்தார்கள்.

1891இல் ஜாவாத் தீவின் பொய்டன்சோர்க் தோட்டத்தில், இன்றைய போகோரில், மெல்கியோர் ட்ரூப் என்ற டச்சுக்காரர் சவுக்குப் பூவை நுண்ணோக்கியில் பார்த்து ஒரு விசித்திரத்தைக் கண்டார். வழக்கமாக மகரந்தக் குழல் சூலின் வாய்த்துளை வழியாக உள்ளே போகும். சவுக்கில் அது எதிர்ப்பக்கமாக, அடிப்பகுதியைத் துளைத்துக்கொண்டு போகிறது. உற்சாகத்தில் ட்ரூப் மூடுவிதைத் தாவரங்களையே இரண்டாகப் பிளந்து, சவுக்குக்கு மட்டும் தனிப் பிரிவு கொடுத்தார். பின்வந்த தாவரவியலாளர் எங்லர் தன் வகைப்பாட்டில் சவுக்கை இருவித்திலைத் தாவரங்களின் தொடக்கத்தில் வைத்தார், மிகப் பழமையானது என்ற கணக்கில். வெட்ஸ்டைன் என்ற மற்றொரு தாவரவியலாளர் இன்னும் ஒரு படி போய், எஃபிட்ரா போன்ற திறந்தவிதைத் தாவரங்களிலிருந்து பூக்கும் தாவரங்களுக்கு வந்த பாலமாக இதைப் பார்த்தார். எஃபிட்ராவும் குட்டையான, கணுவுள்ள, இலை சுருங்கிய பச்சைப் புதர்தான். பாடப்புத்தகங்களில் நெடுநாள் ஓடிய ‘பாதி ஊசியிலை’ என்ற எண்ணத்தின் ஊற்று இதுதான்.

ஆனால் ட்ரூப் கண்ட விசித்திரம் சவுக்கின் தனிச்சொத்து இல்லை என்று சில ஆண்டுகளிலேயே தெரிந்துவிட்டது. பிர்ச் மரத்திலும் வால்நட்டிலும் அதே பாதை. அதாவது அந்தச் சான்று சவுக்கைப் பைன் பக்கம் தள்ளவில்லை, ஓக்–பிர்ச் வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து விட்டது. 1948இல் பி.ஜி.எல். சுவாமி சவுக்கின் வாழ்க்கைச் சுழற்சியைப் பூ, சூல், கரு என்று படிப்படியாகத் தொடர்ந்து ஆராய்ந்து வெளியிட்டார். பின்னாளில் சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக இருந்தவர். கன்னட வாசகர்களுக்கு எழுத்தாளராகவே அதிகம் தெரியும். நம் மண்ணில் பாடம் நடத்திய ஒருவர் இந்த மரத்தின் கருப்பைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். நாம் இன்னும் வெளியே நின்று ஊசியை எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

இதில் வேடிக்கை, எங்லருக்கு முந்திய தாவரவியலாளர்களான பெந்தமும் ஹூக்கரும் இதைக் கிட்டத்தட்டச் சரியாகவே வைத்திருந்தார்கள். அவர்களுடைய நூலில் 1880இல் வெளியான பகுதியில் வால்நட் குடும்பம், மிரிகா குடும்பம், சவுக்குக் குடும்பம், ஓக் குடும்பம் என்று அடுத்தடுத்து வரிசை நிற்கிறது. நம் கல்லூரிகளில் ‘பழைய முறை’ என்று அலுப்போடு படிக்கும் அதே பெந்தம்–ஹூக்கர்தான். 1998இல் மரபணுச் சான்றுகளை வைத்து ஏ.பி.ஜி. என்ற தாவரவியலாளர் குழுவின் வகைப்பாடு வந்தபோது இந்த நான்கையும் ஃபேகேல்ஸ் என்ற ஒரே வரிசையில் சேர்த்தது. பழைய கிழவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்களைத் தப்பாமல் கண்டுபிடித்திருந்தார்கள். இடையில் வந்தவர்கள் ஊசியைப் பார்த்து மயங்கினார்கள். ஆக, ‘விஞ்ஞானிகளே சொன்னார்கள்’ என்ற வாதத்தில் எஞ்சுவது காலாவதியான ஒரு தவறு மட்டும்.

சரி, நிஜமான ஊசியிலைத் தாவரம் எப்படி இருக்கும்? வாசலில் இருக்கும் துஜாவிடமே போவோம். அதில் ஊசியே கிடையாது. மீன் செதில் அடுக்கியதுபோல் கிளையோடு ஒட்டிய பொடி இலைகள், கிளைகள் விசிறி மாதிரி செங்குத்தான தட்டுகளாக நிற்கும். நன்றாக வளர்ந்த செடியில் நீலம் பூத்த பச்சையில், கொம்பு முளைத்த சின்னக் காய்களைக் காணலாம். அவைதான் கூம்புகள். அவை முற்றி விரிந்தால் சிறகில்லாத தடித்த விதைகள் வெறுமனே கிடக்கும்.

இந்தச் செடியின் பெயர்க் கதையும் நீளம். 1753இல் லின்னேயஸ் இதைத் துஜா ஓரியன்டாலிஸ் என்றார். துஜாப் பேரினத்தின் மற்றவற்றுக்குக் காகிதம்போல் மெல்லிய கூம்புச் செதில்களும் சிறகுள்ள விதைகளும் உண்டு. இதற்கு இரண்டும் இல்லை. ஆகவே பயோட்டா என்று தனிப்பெயர் வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் பிளாட்டிகிளாடஸ் ஓரியன்டாலிஸ் என்ற பெயர் 1949இல் நிலைபெற்றது. இதன் மிக நெருங்கிய உறவு வாசல் அழகுக்கு வரும் வேறெந்தத் துஜாவும் அல்ல. ரஷ்யாவின் தூரக்கிழக்கு மலைகளில் தரையோடு படர்ந்து கிடக்கும் மைக்ரோபயோட்டா என்ற குட்டைப் புதர். தாவரவியலாளர் கொமரோவ் 1923இல் விவரித்தது. அதன் கூம்பு இரண்டு முதல் நான்கு செதிலோடு, பெரும்பாலும் ஒரே ஒரு விதையோடு, பார்த்தால் கூம்பு என்றே சொல்லத் தோன்றாது. குளிர்காலத்தில் செடி முழுவதும் பழுப்பேறிவிடும். கூம்பில்லாதது போன்ற கூம்பு, பச்சையில்லாதது போன்ற பசுமைமாறாச் செடி. ஆனாலும் அது ஊசியிலைத் தாவரம்தான்.

இன்னும் சங்கடமான சாட்சி நம் மாநிலத்திலேயே இருக்கிறது. கொடைக்கானல் பைன் காட்டில் படம் எடுத்துக்கொண்டு வருகிறோமே, அவை நட்டுவைத்தவை. தென்னிந்தியாவின் சொந்த ஊசியிலைத் தாவரம் ஒன்றே ஒன்று: நஜியா வாலிச்சியானா. அகத்தியமலைப் பக்கத்து ஈரக் காடுகளில் வாழ்கிறது. அதன் இலை அகலமாக, தடிப்பாக, பளபளப்பாக இருக்கும். நடுநரம்பு கிடையாது, நரம்புகள் இணையாக ஓடும். கட்டைக் கூம்பும் இல்லை. ஊசியும் கூம்பும் உள்ளதுபோல் தோன்றும் சவுக்கு ஊசியிலைக் கூட்டத்தில் இல்லை. ஊசியும் கூம்பும் இல்லாத மரம் அந்தக் கூட்டத்தில் இருக்கிறது. இதற்குப் பிறகும் ‘பார்த்தாலே தெரிகிறதே’ என்று யாராவது சொன்னால் என்ன பதில் சொல்வது?

நம் சமவெளியிலும் ஒரு காலத்தில் உண்மையான ஊசியிலை மரங்கள் நின்றன. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில், 1940இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த கல்மரம் அப்படிப்பட்ட ஒன்றுதான். 18 மீட்டருக்கு மேல் நீளம், ஏறத்தாழ 12 கோடி ஆண்டு வயது. புதுக்கோட்டையிலிருந்து காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். பள்ளிச் சுற்றுலாவுக்குச் சவுக்குத் தோப்பைவிட அது பொருத்தமான இடம்.

‘இதெல்லாம் கல்லூரிச் சண்டை, விவசாயிக்கும் தோட்டக்காரருக்கும் இதனால் ஆவதென்ன’ என்பது அடுத்த வாதம். நிறைய ஆகிறது. முதலில் கத்தரிக்கோல். சவுக்கு வேலியை அடிக்கடி கத்தரித்தாலும் துளிர்க்கும். அதனால்தான் அது வேலியாக நிற்கிறது. அதே கையோடு துஜாவையும் பச்சைக்கு உள்ளே, பழுத்த கட்டை வரை வெட்டினால் முடிந்தது. இந்தக் கூட்டத்தில் பெரும்பாலானவை இலையில்லாத பழைய கட்டையிலிருந்து துளிர்ப்பதில்லை. ஊரில் பாதித் துஜாக்களின் வயிற்றில் பழுப்பு ஓட்டை விழுந்து, அது ஆயுளுக்கும் மூடாமல் கிடப்பதற்கு இந்த ‘ஒரே சாதி’ நம்பிக்கைதான் காரணம். தண்ணீரும் அப்படியே. சீனத்து வறண்ட பாறைச் சரிவுகளைச் சேர்ந்த செடியின் அடியில் தினம் இரண்டு குடம் ஊற்றி வேரை அழுகவைத்துவிட்டு, நம்மூர் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று வெயில்மேல் பழி போடுகிறார்கள்.

அடுத்து வேர். சவுக்கு வேரில் பவளப்பூச்சி கட்டிய மாதிரி பழுப்பு முடிச்சுகள் கொத்தாக இருக்கும். ஃப்ராங்கியா என்ற நுண்ணுயிர் உள்ளே உட்கார்ந்து காற்றின் நைட்ரஜனை உரமாக்கித் தருகிறது. பைனுக்கு இந்த வசதி கிடையாது. அதற்கு வேரைப் போர்த்தும் பூஞ்சைதான் துணை. பழைய தோப்பு மண்ணைக் கொஞ்சம் அள்ளி நாற்றங்கால் பாத்தியில் கலப்பது, முடிச்சை அரைத்துக் கரைத்து ஊற்றுவது எல்லாம் இந்த நுண்ணுயிரைக் கன்றுக்குக் கொடுக்கத்தான். இது தெரியாதவர் முடிச்சைப் பார்த்ததும் நூற்புழு என்று மருந்துக் கடைக்கு ஓடுகிறார். நூற்புழு வேரையே வீங்கவைக்கும். சவுக்கு முடிச்சு வேரின் பக்கத்தில் தனியாகக் கிளைத்து நிற்கும். கையில் எடுத்தால் வித்தியாசம் தெரியும்.

மரத்தின் விலையும் இந்த வகைப்பாட்டில்தான் இருக்கிறது. சவுக்குக் கழியின் வெட்டுமுகத்தைக் கூரான கத்தியால் சீவி லென்ஸில் பாருங்கள். பொடித் துளைகள் தெரியும். நீர் ஏறும் குழாய்கள் அவை. பைன் கட்டையில் அந்தக் குழாய்கள் இல்லை, பிசின் இருக்கும். சவுக்கில் பிசின் இல்லை. விறகாகவும் நின்று எரிகிறது, மிலாறுகூட வீணாவதில்லை. 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணக் கடற்கரையில் சவுக்குத் தோப்புகள் பெருகியதே ரயில் எஞ்சின் அடுப்புக்காகத்தான். பந்தக்காலுக்கும் கட்டடச் சாரத்துக்கும் நம் ஊரில் இதை விட்டால் வேறு கழி இல்லை. கரூர் காகிதபுரம் ஆலை சவுக்கை வாங்கும்போது தைலமரத்தோடு வன்மரம் என்ற கணக்கில் வாங்குகிறது. இதன் நார் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். பைன் நார் அதைப்போல மூன்று மடங்கு நீளம். சந்தை எப்போதோ சரியாக வகைப்படுத்திவிட்டது.

மருவுக்கு ‘துஜா’ என்று ஹோமியோபதிக் கடையில் கேட்டு வாங்குகிறவர்கள், வாசலில் இருக்கிறதே என்று அந்த இலையை அரைத்துப் பூசும் பழக்கமும் இருக்கிறது. கடையில் இருப்பது அமெரிக்கத் துஜா ஆக்சிடென்டாலிஸிலிருந்து செய்வதாகப் பெயர் போட்டது. வாசலில் நிற்பது வேறு இனம் மட்டுமல்ல, வேறு பேரினம். அந்த மருந்தின் பலனைப் பற்றி எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை என்பது தனிக் கதை. ஆனால் பெயரை நம்பிச் செடி மாற்றித் தோலில் பூசுவது விளையாட்டல்ல.

கடைசியாக, நம் மாவட்டத்தின் பெரிய சண்டைக்கு வருகிறேன். தைலமரக் காடுகளை எதிர்த்துப் புதுக்கோட்டை விவசாயிகள் பல ஆண்டுகளாகக் குரல் கொடுக்கிறார்கள். அதன் நியாயத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த மேடைகளில் சவுக்கும் ஏறும்போது, பைன் காடு மண்ணைப் புளிக்கவைத்த கதை, பைன் சருகில் தீப்பிடித்த கதை எல்லாம் சவுக்கின் கணக்கில் எழுதப்படுகின்றன. இமயமலைப் பைன் காட்டின் புகார்களை அறந்தாங்கிக் கொல்லைக்கு இறக்குமதி செய்தால் எதிர்த்தரப்பு ஒரே நிமிடத்தில் உடைத்துவிடும். உள்ளூர்ச் சவுக்கு பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் வளரும் பயிர். எவ்வளவு பாய்கிறது, மூன்று நான்கு ஆண்டில் வெட்டும்வரை எத்தனை மணி நேரம் மோட்டார் ஓடுகிறது என்று கேட்பதே சரியான கேள்வி. வேர் மண்ணில் சேர்க்கும் நைட்ரஜனைக் கணக்கின் மறுபக்கத்தில் எழுதித்தான் ஆகவேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னை, பலாவோடு சவுக்கையும் சாய்த்ததே, காற்றுத் தடுப்பு என்று இதற்குக் கொடுத்த சான்றிதழை அதை வைத்துத் திருப்பிக் கேட்கலாம்.

கடற்கரையில் வழக்கு இன்னும் வலுவானது. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரையில் சவுக்கு நடுவதற்குப் புதிய வேகம் வந்தது. மணல் மேட்டைப் பிடித்து வைக்கும் அடும்பும் ராவணன் மீசையும் சவுக்குச் சருகின் கீழே முளைப்பதில்லை. பங்குனி ஆமை ஏறி முட்டையிடும் திறந்த மணல் நிழலாகிறது. நீர்மட்டம் வரை நெருக்கமாக நட்ட தோப்பை எதிர்க்க அதன் நிழலும் சருகும் வேருமே போதும்; ஓக் மரத்தின் தங்கச்சிமேல் பைன் மரத்தின் குற்றங்களைச் சுமத்த வேண்டியதில்லை.